சித்திரையில் எழுதிய பட்டியல்

சித்திரை மாதத்தில் கரிசல் பூமியில் செடி பார்க்கப் போவது, கடையடைத்த பிறகு சாமான் வாங்கப் போவது போல. எல்லாம் உள்ளேதான் இருக்கும், கதவு சாத்தியிருக்கும். தாவரவியல் படித்த எவருக்கும் இது தெரியும். கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் இருபது வருடங்களுக்கு மேலாக இதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவரும் எனக்கும் தெரியும். தெரிந்துதான் போனேன்.

அது என் கணவர் இறந்த அடுத்த மாதம். பங்குனியில் போனார். மாரடைப்பு. அதைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் ஓயவில்லை. வந்தவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுவதற்காகக் காத்திருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் அது வேறு யாருடைய கன்னமோ போல இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. "சரியான அழுத்தக்காரி" என்று ஒரு சொந்தக்காரி சமையலறையில் சொன்னது என் காதிலும் விழுந்தது. சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்தது.

அந்த நேரத்தில்தான் சூரிய மின்சாரத் தகடு பதிக்கும் ஒரு கம்பெனியின் ஆள் என்னைத் தேடி வந்தார். எப்போதும்வென்றான் என்ற ஊருக்குக் கிழக்கே பல சம்சாரிகளிடம், அதாவது விவசாயிகளிடம், சேர்ந்தாற்போல் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்திருந்தார்கள். அங்கே என்னென்ன செடிகள் இருக்கின்றன, காப்பாற்ற வேண்டியது ஏதாவது உண்டா என்று தாவரவியல் தெரிந்த ஒருவர் பார்த்து, பட்டியல் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். இந்த மாதிரி வேலைக்கு நான் சாதாரணமாக ஒப்புக்கொள்வதில்லை. முடிவை எழுதிவைத்துக்கொண்டு ஆராயச் சொல்கிறவர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பியிருக்கிறேன். அன்று சரி என்றேன். ஒரு நாள் வீட்டில் இல்லாமல் இருக்கலாம், அவ்வளவுதான் காரணம்.

இந்தப் பக்கம் காடு என்றால் விதைக்கிற நிலம். ஒருவர் காட்டுக்குப் போயிருக்கிறார் என்றால் உளுந்துக்குக் களை எடுக்கப் போயிருக்கிறார் என்று பொருள். நிஜமான காடு, புத்தகங்கள் வெப்பமண்டல முட்காடு என்று சொல்கிற காடு, துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. குருமலைச் சரிவில் கொஞ்சம், ஓடைக்கரைகளில் கொஞ்சம், கலப்பை இறங்காத சரளை மேடுகளில் கொஞ்சம். காடு என்றதும் அண்ணாந்து பார்க்க நினைக்கிறவர்கள் இதைப் பார்த்தால் தரிசு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். முழங்கால் உயரம், பாதி முள், வருடத்தில் ஏழெட்டு மாதம் காய்ந்து கிடக்கும். இதில் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. உயரத்தை வைத்துத்தான் மதிப்பு என்றால் காற்றாலைக்குத்தான் முதல் மாலை போட வேண்டும்.

கம்பெனி பிடித்திருந்த நிலத்தின் நடுவிலும் அப்படி ஒரு சரளை மேடு இருந்தது. சுற்றிலும் கரிசல், கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. மேட்டில் மட்டும் செம்மண்ணும் சுண்ணாம்புக்கல்லும். உழுதால் கலப்பையின் கொழு முறியும் என்று எந்தத் தலைமுறையும் அதைத் தொடவில்லை. அந்த மண்ணைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அடியில் கிழங்குகள் இருக்கும் என்று. மழை பெய்த பத்தாம் நாள் தலைகாட்டி, பூத்து, காய்த்து, இரண்டு மாதத்தில் மறுபடி மண்ணுக்குள் போய்விடுகிற செடிகள் அவை. சித்திரையில் அவற்றுக்கு ஒரு காய்ந்த தண்டுகூட மிஞ்சாது.

கம்பெனி ஆள் காரைவிட்டு இறங்கவில்லை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது, பாவம், எதற்கு இறங்க வேண்டும். நான் மட்டும் குடையோடு ஏறினேன். கண்ணில் பட்டதை எழுதினேன். சீமைக்கருவேலம், உடைமரம், ஆவாரை, விராலி, எருக்கு, சப்பாத்திக்கள்ளி, காய்ந்து சலசலக்கிற கொழுஞ்சி. இருபது நிமிடத்தில் பட்டியல் முடிந்துவிட்டது. முன்பெல்லாம் இப்படி ஒரு மேட்டில் ஏறினால் இறங்க மாலையாகும். என் கணவர் ஸ்கூட்டர் நிழலில் உட்கார்ந்து பேப்பரில் விளம்பரம்வரை படித்து முடித்துவிட்டு, ஹாரன் அடிப்பார்.

மேட்டின் மறுபக்கம் ஒரு பெண் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். தலையில் துண்டு, கையில் தொரட்டி. என்ன தேடுகிறேன் என்று கேட்டார். செடி பார்க்க வந்த காலேஜ் டீச்சர் என்றேன்.

"இப்ப வந்து என்னத்தப் பாக்கப் போறீய டீச்சர்? ஐப்பசியில வாங்க. இங்கன கால் வைக்க எடமிருக்காது."

மழைக்காலத்தில் சுற்றியுள்ள நிலம் பூராவும் விதைத்துவிடுவார்களாம். வெள்ளாமைக்குள் ஆடு நுழைந்தால் சண்டை. அந்த மூன்று நான்கு மாதமும் அவருடைய ஆடுகளுக்கு இந்த மேடுதான் கதி என்றார். மேய்க்கும்போது பசித்தால் ஒரு கிழங்கு தோண்டித் தின்பதாகவும், அதன் பூ செத்த எலி மாதிரி நாறும் என்றும் சொன்னார். நாறுகிற பூ என்று கேட்டதும் நான் உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்திருக்க வேண்டும். அந்த வகையில் சில செடிகள் உலகத்திலேயே இந்த மாதிரி இரண்டு மூன்று மேடுகளில் மட்டும்தான் உண்டு. நான் செய்ததெல்லாம், பழக்கதோஷத்தில் என் போன் நம்பரை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்து, பூத்தால் கூப்பிடச் சொன்னதுதான். எந்த ஊருக்குப் போனாலும் ஆடு மேய்ப்பவர்களிடம் நம்பர் கொடுத்துவிட்டு வருவது என் வழக்கம். பாதிப் பேர் கூப்பிடுவார்கள். அவர்களைவிட நல்ல ஆராய்ச்சி மாணவர்கள் எனக்கு அமைந்ததில்லை.

காருக்கு வந்தேன். ஆள் படிவத்தை நீட்டினார். கடைசிக் கேள்வி: மழைக்குப் பின் மறு ஆய்வு தேவையா? தேவை என்று எழுதியிருந்தால் வேலை ஐப்பசிவரை நின்றிருக்கும். நான் மறுபடி வர வேண்டியிருக்கும். அந்த நாட்களில் யார் எதைக் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். காப்பி வேண்டாம், ஊருக்கு வந்து பத்து நாள் இருக்க வேண்டாம், அவருடைய சட்டைகளை எடுத்து வைக்க உதவி வேண்டாம். அந்த வரிசையில் இதற்கும் தேவையில்லை என்று எழுதினேன். மேலே, பாதுகாக்க வேண்டிய தாவரம் எதுவும் இல்லை என்றும் எழுதினேன். வகுப்பில் முதல் வாரமே நான் சொல்கிற பாடம் ஒன்று உண்டு. கிடைக்கவில்லை என்று எழுதலாம், இல்லை என்று எழுத உனக்கு உரிமை கிடையாது. அதை மீறி எழுதிய பேப்பரைத் திருத்தும்போது சிவப்பு மையால் பெரிதாக அடிப்பேன். அன்று என் பேப்பரைத் திருத்த ஆளில்லை.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுத் தூங்கினேன். நன்றாகத் தூக்கம் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு கல்லூரி திறந்தது. ஆடி மாதம் மரம் நடும் விழா நடத்தினார்கள். காம்பவுண்டு ஓரம் தானாக வளர்ந்திருந்த ஆவாரையையும் தும்பையையும் சுத்தமாகச் செதுக்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் எங்கோ வெளிநாட்டிலிருந்து வந்த அலங்கார மரக்கன்றுகளை வரிசையாக நட்டார்கள். இயற்கையைக் காப்போம் என்று என்னைப் பேசச் சொன்னார்கள். வேறு வருடமாக இருந்தால் மைக்கைப் பிடித்து மானத்தை வாங்கியிருப்பேன். அன்று எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டு இறங்கினேன். நன்றாகப் பேசினேன் என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஐப்பசியில் மழை நன்றாகப் பிடித்தது. ஒரு காலை, அந்த ஆடு மேய்க்கும் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"டீச்சர், பூத்திருக்கு. நாத்தம் குடலப் புடுங்குது. வாரீயளா?"

அன்றே லீவு போட்டுவிட்டுப் போனேன். மேடு நான் பார்த்த மேடாக இல்லை. சரளை தெரியாமல் பச்சை. முட்செடிகளின்மேல் செங்காந்தள் ஏறிக்கொண்டிருந்தது. நிலப்பனை மஞ்சளாகப் பூத்திருந்தது. அந்த அக்கா என்னை நேரே மேட்டின் வடக்குச் சரிவுக்குக் கூட்டிப்போய்க் குனிந்து காட்டினார். ஒரு சாண் உயரம்கூட இல்லை. கொண்டைக்கடலை அளவில் கரும்பழுப்புப் பூ, அதில் இரண்டு ஈ. எருக்குக்குத் தூரத்துச் சொந்தம். அதன் லத்தீன் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அரிய கிழங்குகளை வாங்கி விற்கிறவர்கள் உண்டு, பெயர் கிடைத்தால் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இருபது வருடத்தில் இதை நான் தாளில் ஒட்டிய காய்ந்த செடியாகத்தான் பார்த்திருக்கிறேன்.

முழங்காலில் தவழ்ந்து எண்ணினேன். நாற்பத்து மூன்று. அந்த அக்கா, கிழங்கு தோண்டும்போது பெரியதை மட்டும் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் ஒட்டியிருக்கிற சின்னக் கிழங்கை மண்ணுக்குள் தள்ளிவிடுவாராம். அவருடைய அம்மாவும் அப்படித்தானாம். இத்தனை காலம் தின்றும் அது தீராததற்குக் காரணம் புரிந்தது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.  

எழுந்து நின்றபோதுதான் மேட்டைச் சுற்றி அடித்திருந்த முளைக்குச்சிகளைப் பார்த்தேன். தலையில் சிவப்புப் பெயிண்ட். சுற்றியிருந்த நிலத்தை ஏற்கனவே சமப்படுத்தி இரும்புக் கால்கள் நட்டிருந்தார்கள். மேட்டை வெட்டி நிரவ அடுத்த வாரம் பொக்லைன் வருகிறது என்று அந்த அக்கா சொன்னார். ஆடுகளை என்ன செய்வது என்று தெரியவில்லை என்றும் சொன்னார். நான் அதை அரைக்காதில்தான் கேட்டேன். நாற்பத்து மூன்று என்ற எண்தான் மண்டையில் ஓடியது.

அப்போதே அவரிடம் ஒரு மண்வெட்டி கேட்டு வாங்கித் தோண்டியிருக்கலாம். நான் தோண்டவில்லை. பூத்து நிற்கிற கிழங்கைப் பிடுங்கி வேறு மண்ணில் வைத்தால் பிழைப்பது அரிது, இருக்கிற இடத்திலேயே காப்பாற்றுவதுதான் முறை. இதையும் நான் வகுப்பில் சொல்கிறேன். தவறு காகிதத்தில் நடந்தது, அதைக் காகிதத்திலேயே சரிசெய்துவிடலாம் என்று நம்பினேன். படித்தவளின் கொழுப்பு என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை தூத்துக்குடியில், என் அறிக்கை போய்ச் சேர்ந்திருந்த அரசு அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி ஊரில் இல்லை, அடுத்த நாள் வரச் சொன்னார்கள். அடுத்த நாளும் மதியம்வரை உட்கார்ந்திருந்தேன். அவர் நல்ல மனிதர். காத்திருக்க வைத்ததற்கு வருத்தம் தெரிவித்து, டீ வரவழைத்து, கோப்பைத் தேடி எடுத்து, என் முன்னாலேயே வாசித்தார். பாதுகாக்க வேண்டிய தாவரம் எதுவும் இல்லை. மறு ஆய்வு தேவையில்லை.

"கையெழுத்து உங்களோடதுதானே மேடம்?"

என்னுடையதுதான் என்றேன். முதல் அறிக்கை தவறு என்று நான் எழுதிக் கொடுத்தால் மேலே அனுப்புவதாகவும், உத்தரவு வரும்வரை வேலையை நிறுத்தத் தனக்கு அதிகாரம் இல்லை என்றும் அவர் சொன்னார். அவர் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். பார்க்கக் கூடாத காலத்தில் பார்த்தேன், தெரிந்தே பார்த்தேன், தவறு முழுக்க என்னுடையது என்று எழுதினேன்.  விடுப்பு விண்ணப்பம் எழுதுவது போலத்தான் இருந்தது.

முத்திரை குத்தி வாங்கிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. பொக்லைன் சொன்ன நாளுக்கு முன்பே வந்துவிட்டதாம். தெற்குப் பக்கத்திலிருந்து வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள் என்று அந்த அக்கா சொன்னார். பின்னால் அதன் சத்தம் கேட்டது. வடக்குச் சரிவுக்கு வர எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். சாயங்காலம் ஆகிவிடும் என்றார்.

"எல்லாத்தையும் தோண்டி எடுத்துருங்கக்கா. சின்னதையும் விடாதீய. ஒண்ணுகூட விடாதீய. நான் வந்து வாங்கிக்கிடுதேன்," என்றேன்.

அன்று மாலையே போயிருக்க வேண்டும். தூத்துக்குடியிலிருந்து கிளம்பும்போதே மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் எனக்குத் தேர்வுப் பணி, மாற்ற முடியாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். கிழங்குதானே, சாக்கில் இரண்டு நாள் இருந்தால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். கல்லூரித் தோட்டத்தில் சரளையும் செம்மண்ணும் கலந்து பத்துத் தொட்டிகள் தயார்செய்து வைத்தேன். என் கணவர் போன பிறகு நானாக விருப்பப்பட்டுச் செய்த முதல் வேலை அதுதான்.

மூன்றாம் நாள் காலை பஸ்ஸில் போய் இறங்கினேன். மேடு இருந்த இடம் தட்டையாக இருந்தது. சுற்றிலும் கம்பி வேலி போட்டிருந்தார்கள். அங்கே நிற்கப் பிடிக்காமல் நேரே அந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன். ஊர்க் கடைசியில் ஓட்டு வீடு, பக்கத்தில் ஆட்டுக் கொட்டில். கொட்டிலில் நான்கு ஆடுதான் நின்றது. மேய்க்க இடமில்லை என்று மிச்சத்தை வியாபாரிக்குக் கொடுத்துவிட்டாராம். அதை அவர் சொன்ன விதத்தில் புலம்பல் இல்லை. உட்காரச் சொல்லி ஓலைப்பாயை விரித்தார்.

கிழங்கு எங்கே என்று கேட்டேன். உள்ளே போய் தானியம் புடைக்கிற சுளகைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். தோல் சுருங்கி, உப்புப் பூத்து, மாவுநிறத்தில் இருந்தன. அவித்திருந்தார்.

"சாக்குல போட்டு வச்சேன் டீச்சர். நீங்க வரல. இந்த ஈரத்துக்கு ஒண்ணு ரெண்டு அழுக ஆரம்பிச்சிட்டு. பச்சையா விட்டா எல்லாம் கெட்டுப்போகும். அதான் பனங்கிழங்கு அவிக்க மாதிரி உப்புப் போட்டு அவிச்சு ஆற வச்சிருக்கேன். இனி வெயில்ல காயப்போட்டா ஆறு மாசமானாலும் ஒண்ணும் செய்யாது."

இந்தப் பக்கத்தில் கிழங்கைக் காப்பாற்றுவது என்றால் அதுதான். எந்த வீட்டிலும் அதைத்தான் செய்வார்கள். முளைக்க வைக்கப் போகிறேன் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. நாற்பத்து மூன்றும் இருந்தன. அவற்றோடு ஒட்டியிருந்த குட்டிக் கிழங்குகளும் இருந்தன. ஒன்றுகூட விடவில்லை.

நான் பார்த்துக்கொண்டே இருந்ததை அவர் கூச்சம் என்று நினைத்திருக்க வேண்டும். ஒன்றை எடுத்துத் தோலை உரித்து என் கையில் வைத்தார். வாயில் போட்டேன். மாவாக, கடைசியில் லேசாக இனிப்பாக இருந்தது. எந்தப் புத்தகத்திலும் அதன் ருசியை எழுதியிருக்கவில்லை. நன்றாக இருக்கிறது என்றேன். அது உண்மைதான். இன்னொன்றை உரித்துக்கொண்டே அவர் பேசினார். பொக்லைன்காரனிடம் போய்ச் சண்டை போட்டாராம். ஆடு மேயுற இடத்தை எப்படி வெட்டுவாய் என்று கேட்டாராம். படித்தவர்கள் வந்து பார்த்து, இங்கே ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று அவன் சொன்னானாம்.

"எந்த மூதி வந்து பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்துச்சோ டீச்சர். அது வெளங்குமா?"

கிழங்கு வாயில் இருந்தது. விழுங்கினேன். சொல்லாமல் இருந்திருந்தால் அவருக்கு ஒருநாளும் தெரிந்திருக்காது. அலுவலகத்தில் எழுதியதைப் போல இதையும் சுலபமாகச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். சுளகைப் பார்த்துக்கொண்டுதான் சொல்ல முடிந்தது.

"நாந்தான்க்கா எழுதிக் குடுத்தேன்."

அவர் உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. ஏன் என்று கேட்டால் சொல்ல என்னிடம் பதில் தயாராக இருந்தது. வீட்டுக்காரர் இறந்திருந்தார், எனக்குப் புத்தி சுவாதீனத்தில் இல்லை என்று சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. உரித்த கிழங்கைச் சுளகிலேயே போட்டார். சுளகைத் தன் பக்கம் இழுத்து, மிச்சக் கிழங்குகளை ஒரு துணியில் கொட்டி, நான்கு முனையையும் சேர்த்து முடிந்தார். எனக்குத் தரத்தான் கட்டுகிறார் என்று நினைத்து, வெட்கமில்லாமல் என் பையின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டேன். அவர் முடிச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போய் வைத்துவிட்டு, வெறுங்கையோடு வந்து வாசலில் நின்றார்.

அப்போது எனக்கு வலித்தது. நன்றாகவே வலித்தது.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு டீச்சர்," என்றார்.

அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அது அவருக்கும் தெரியும். எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன்.